அணித் தேர்வுக்குப் பிறகு கலகலப்பை இழந்த விவாதக் கழகம்: என்ன செய்யலாம்?

கழகச் செயலர் கேட்டது:

எங்கள் கல்லூரி விவாதக் கழகத்துக்கு இந்த ஆண்டு நான் செயலர். வாரத்தில் இரண்டு மாலைகள் கூடிப் பயிற்சி செய்கிறோம். பெரும்பாலும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறைதான்: ஓர் அரங்கில் நான்கு அணிகள், அணிக்கு இருவர், தலைப்பை அறிவித்தபின் 15 நிமிட ஆயத்தம், ஆளுக்கு 7 நிமிடப் பேச்சு. சென்ற பருவம் வரை எங்கள் கழகத்தில் யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனதில்லை. நடுவர் தீர்ப்பைச் சொல்லி முடித்த பிறகுதான் உண்மையான விவாதமே தொடங்கும். கதவைப் பூட்ட வந்தவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போன பிறகே மேசைகளைப் பழைய இடத்துக்கு நகர்த்துவோம். தீர்ப்பில் உடன்படாதவர்கள் படிக்கட்டு முடியும் வரை வாதாடிக்கொண்டே இறங்குவார்கள்.

இந்தப் பருவத் தொடக்கத்தில், பல கல்லூரிகள் கலந்துகொள்ளும் ஒரு பெரிய போட்டிக்காக இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்தோம். விரும்பியவர்கள் எல்லாரும் தேர்வுச் சுற்றுகளில் பேசினார்கள். நால்வருக்கு இடம் கிடைத்தது. முதலாண்டிலிருந்து ஒரே அணியாகப் பேசி வந்த இருவரில் ஒருவர் மட்டும் அந்த நால்வரில் இருக்கிறார். இருவரும் இப்போது அறையின் இரு கோடிகளில் உட்காருகிறார்கள். சண்டை ஏதும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் பேசவாவது வழி இருந்திருக்கும். பயிற்சி முடிந்ததும் அறை மளமளவென்று காலியாகிவிடுகிறது. முதலாண்டு மாணவர்கள் சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

தேர்வுக் குழுவில் தலைவர், நான், இறுதியாண்டு மாணவர் ஒருவர் என மூவர் இருந்தோம். தலைவரும் போட்டியிட்டுத் தேர்வானார். அவருடைய பேச்சை மதிப்பிட்டபோது அவர் அறையை விட்டு வெளியே போயிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறவர்கள் நண்பர்களாகவும் நீடிப்பதற்கு மற்றக் கழகங்களில் என்ன ஏற்பாடு செய்கிறார்கள்? இணைகளை உறுப்பினர்களே அமைத்துக்கொள்ள விட வேண்டுமா, குழு அமைக்க வேண்டுமா?

மூன்றாம் பேச்சாளர் எழுதியது:

கல்லூரிக் காலம் முழுவதும் விவாதக் கழகத்தில் இருந்தவன். இப்போதும் அவ்வப்போது போட்டிகளுக்கு நடுவராகப் போய் வருகிறேன். உங்கள் பதிவில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது தேர்வுக் குழுவைப் பற்றிய பத்திதான். தம்மை மதிப்பிட்டபோது தலைவர் வெளியே போனது முறையான செயல். ஆனால் மற்றவர்களை மதிப்பிட்டபோது அவர் உள்ளேதான் இருந்திருக்கிறார். தேர்வாகாதவர் மனத்தில் நிற்பது அந்தக் காட்சிதான். தலைவர் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டிருந்தாலும் அதை மாற்ற முடியாது. போட்டியிடுகிற எவரும் எந்தக் கட்டத்திலும் தேர்வுக் குழுவில் இருக்கக் கூடாது. முன்னாள் உறுப்பினர் ஒருவரையோ வேறொரு கழகத்தின் நடுவரையோ அழைத்தால் பெரும்பாலானோர் மறுக்காமல் வருவார்கள். விவாதக்காரர்களுக்கு அடுத்தவர் பேச்சுக்குத் தீர்ப்புச் சொல்வதைவிட இனிமையான வேலை கிடையாது.

இனி அந்த இருவரைப் பற்றி. நட்பில் விரிசல் என்று நீங்கள் பார்க்கிறீர்கள்; அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 15 நிமிட ஆயத்தத்தின்போது இணையத்தைப் பார்க்க முடியாது, பயிற்சியாளரை அணுக முடியாது, பக்கத்து அணியிடம் ஒரு சொல் கேட்க முடியாது. இருப்பது சில தாள்களும் ஓர் இணையும் மட்டுமே. நன்றாகப் பழகிய இருவர் ஆயத்தம் செய்வதைக் கவனித்திருப்பீர்கள். முதல் சில நிமிடங்கள் இருவரும் பேசுவதே இல்லை, தனித்தனியே எழுதுகிறார்கள். பிறகு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, ஒருவர் எழுதியதில் மற்றவர் கேட்காமலே கோடு போட்டு அடிக்கிறார். அடிபட்டவர் முகம் சுளிப்பதில்லை. அரங்கில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் கிழித்த தாளில் 'உதாரணம் போதும், மறுப்புக்கு வா' என்று எழுதி மேசையின் விளிம்புக்குத் தள்ளுகிறார். பேசுகிறவர் அதைப் படித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் அடுத்த வாக்கியத்தில் திரும்பிவிடுகிறார். இந்தப் பழக்கம் கைகூடப் பல மாதங்கள் பிடிக்கும். ஆகவே தேர்வாகாதவர் இழந்தது போட்டியில் ஓர் இடத்தை மட்டும் என்று எண்ண வேண்டாம். தேர்வானவருக்கும் இழப்பு உண்டு. அவர் இப்போது புதியவர் ஒருவரோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லிப் புலம்புவதற்கும் அவருக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் பயிலும் முறையிலேயே உங்கள் முதல் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. நான்கு அணிகளில் இரண்டு அணிகள் ஒரே தரப்பில் நிற்கின்றன. ஆதரிக்கும் தரப்பின் முதல் அணியும் இறுதி அணியும் தலைப்பை ஒருமித்து ஆதரிக்கின்றன, ஆனாலும் ஒன்றையொன்று முந்தத்தான் பேசுகின்றன. முதலிடத்துக்கு 3 புள்ளி, பிறகு 2, 1, 0 என்று நடுவர்கள் நான்கு அணிகளையும் வரிசைப்படுத்துகிறார்கள். இறுதி அணி தன் தரப்பு முதல் அணியின் நிலைப்பாட்டைக் கைவிட்டுப் பேசினால் அதற்கு நைஃபிங் என்று பெயர்; நடுவர்கள் அதைக் கடுமையாகவே பார்ப்பார்கள். முந்த வேண்டுமானால் அவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும், அல்லது அவர்கள் சொன்னதை இன்னும் ஆழமாக நிறுவ வேண்டும். ஒரே பக்கத்தில் இருப்பவரைக் கவிழ்க்காமல் முந்துவது எப்படி என்பதைத்தான் வாரம் இரண்டு மாலைகள் நீங்கள் பயின்றுகொண்டிருக்கிறீர்கள். தேர்வுக் காலத்தில் மட்டும் அது மறந்துபோவதற்குக் காரணம், எதை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாததுதான்.

அதனால் தேர்வுக்கு முன்பே அளவுகோலை எழுதி ஒட்டிவிடுங்கள்: எத்தனை சுற்றுகள் கணக்கில் வரும், பயிற்சிக்கு வந்ததற்கு மதிப்பு உண்டா, இருவரின் பேச்சும் பொருந்துவது பார்க்கப்படுமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பட்டியலைக் குழுவில் வெளியிடுவதற்கு முன், தேர்வாகாத ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து காரணத்தைச் சொல்லுங்கள். அலைபேசித் திரையில் தன் பெயர் இல்லாத பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்வதும், எதிரில் உட்கார்ந்து 'உன் மறுப்புகள் கூர்மையானவை, ஆனால் உன் சொந்த வாதம் நான்காவது நிமிடத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது' என்று கேட்பதும் ஒன்றாகாது. இரண்டாவதில் கோபம் வந்தாலும், அந்தக் கோபத்தை அங்கேயே சொல்லிவிட முடிகிறது.

இன்னொன்று. பல போட்டிகளில், அனுப்பும் அணிகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவான நடுவர்களையாவது உடன் அனுப்ப வேண்டும் என்ற விதி உண்டு. உங்களுக்கு இரண்டு அணிகள் என்றால் குறைந்தது ஒரு நடுவர். அந்த இடத்தைப் பல கழகங்கள் ஆறுதல் பரிசாகக் கொடுத்துக் கெடுத்துவிடுகின்றன. நடுவர்களும் போட்டியில் மதிப்பிடப்படுகிறார்கள். தலைமை நடுவரின் பக்கத்தில் துணை நடுவராகத் தொடங்குகிறவர், நன்றாகத் தீர்ப்பளித்தால் அடுத்தடுத்த சுற்றுகளில் தலைமைக்கு உயர்கிறார், இறுதிச் சுற்றுகளுக்கும் தகுதி பெறுகிறார். சில நல்ல பேச்சாளர்கள் அங்கே போனபின் பேச்சு மேடைக்குத் திரும்பவே விரும்பாததைப் பார்த்திருக்கிறேன். நடுவர் இடத்துக்கும் தனியாகத் தேர்வு வையுங்கள். அப்போதுதான் அதற்கு மதிப்பு வரும்.

எதிர்த்தரப்பு இறுதி அணி எழுதியது:

மேலே உள்ளவர் சொன்ன தேர்வு முறைகளோடு முழுக்க உடன்படுகிறேன். நிரந்தர இணையைப் பற்றி அவர் உருகி எழுதியதோடு உடன்படவில்லை.

முதலாண்டிலிருந்து இருவர் ஒரே இணையாகப் பேசி வந்தார்கள் என்பதே உங்கள் கழகத்தின் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. கழகத்தில் இப்படி மூன்று நான்கு நிரந்தர இணைகள் உருவாகிவிட்டால், புதிதாக வருகிறவர்களுக்கு மிச்சமிருப்பது புதிதாக வந்த இன்னொருவர்தான். இருவரும் தட்டுத் தடுமாறி நான்காமிடம் வாங்கி, வாங்கி, ஒருநாள் வராமல் போய்விடுகிறார்கள். நீங்கள் சொல்லும் முதலாண்டு மாணவர்கள் பட்டியலைப் பார்த்தா போனார்கள்? அவர்கள் யாரும் அந்த நான்கு இடங்களை எதிர்பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் போனதற்கும் அணித் தேர்வுக்கும் தொடர்பில்லை என்று நினைக்கிறேன். படிக்கட்டு வரை தொடர்ந்த அந்த உற்சாகமான வாதங்களில் அவர்கள் எப்போதாவது வாய் திறந்ததுண்டா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

எங்கள் கழகத்தில் பயிற்சி நாட்களில் இணையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். அனுபவமுள்ளவர் பெயர்கள் ஒரு குவியல், புதியவர் பெயர்கள் ஒரு குவியல், இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சீட்டு. போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் இணைகள் நிலைப்படும். தொடக்கத்தில் மூத்தவர்கள் முணுமுணுத்தார்கள், பயிற்சியின் தரம் குறைகிறது என்றார்கள். குறையத்தான் செய்தது. ஆனால் யாரோடு வேண்டுமானாலும் 15 நிமிடத்தில் ஒரு தரப்பின் வாதத்தைக் கட்டத் தெரிந்தவர்கள் பலர் உருவானார்கள். கடைசி நேரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தபோது இன்னொருவரை அனுப்ப முடிந்தது. இல்லாவிட்டால் ஒருவரே இருவரின் பேச்சையும் பேசும் அயர்ன்மேன் நிலைமைக்குத்தான் போயிருப்போம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: பயிற்சியில் சீட்டு முடிவு செய்யட்டும், போட்டிக்குக் குழு முடிவு செய்யட்டும். உறுப்பினர்களிடம் விருப்பத்தைக் கேளுங்கள், ஆனால் அது கட்டுப்படுத்தாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். அவர்களே அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், யாரும் கேட்காத ஒருவர் ஒவ்வொரு முறையும் மிஞ்சுவார். அவர் யார் என்பது அறை முழுவதற்கும் தெரியும். அதைவிடக் கொடுமையான ஏற்பாடு ஒரு கழகத்தில் இருக்க முடியாது.

நேரக்காப்பாளர் எழுதியது:

நான் இன்னும் இரண்டாம் ஆண்டுதான். முதலாண்டில் பெரும்பாலும் நேரம் பார்க்கும் வேலையைச் செய்தேன். முதல் நிமிடம் முடிந்ததும் ஒரு தட்டு, ஆறாம் நிமிடம் முடிந்ததும் ஒரு தட்டு, ஏழாம் நிமிடத்தில் இரண்டு தட்டு, அதற்குப் பிறகு 15 விநாடிச் சலுகை. முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் நடுவேதான் எதிரணியினர் எழுந்து பி.ஓ.ஐ., அதாவது பேசுகிறவரை இடைமறித்துச் சிறு கேள்வி, கேட்கலாம் என்பதால், நேரக்காப்பாளர் அசந்துவிட்டால் அரங்கே குழம்பிவிடும். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதனால் கழகத்தைக் கவனிக்க அதைவிட நல்ல இடமும் இல்லை.

அங்கிருந்து நான் கண்டதைச் சொல்கிறேன். விவாதம் முடிந்தபின் மூத்தவர்கள் பேசிக்கொள்வதில் பாதி, புதியவர்களுக்குப் புரியாது. 'அந்தப் போட்டியின் அரையிறுதி மாதிரி ஆகிவிட்டது' என்பார் ஒருவர், எல்லாரும் சிரிப்பார்கள். யாரும் வேண்டுமென்றே ஒதுக்குவதில்லை, அவர்களுக்கு அது நிஜமாகவே வேடிக்கைதான். ஆனால் அந்தச் சிரிப்பு முடியும்போது பைகளை எடுத்துக்கொண்டு நழுவுகிறவர்கள் எப்போதும் அதே நான்கைந்து பேர்தான். எதிர்த்தரப்பு இறுதி அணி எழுதியதில் இந்தப் பகுதி முழுக்கச் சரி.

நான் தங்கிவிட்டதற்குக் காரணம் மூத்த அக்கா ஒருவர். ஒரு நாள் விவாதம் முடிந்ததும், தான் குறிப்பெடுத்த தாளை என் முன் விரித்து வைத்தார். நீளமான தாளை எட்டாக மடித்து, எட்டுப் பேச்சாளர்களுக்கும் எட்டுப் பத்திகள் பிரித்திருந்தார்; ஒருவர் வாதத்திலிருந்து அதற்கு மறுப்புச் சொன்னவரின் பத்திக்குச் சிவப்பு மையில் அம்புக்குறிகள் ஓடின. பதில் கிடைக்காமல் கடைசி வரை நின்ற இரண்டு வாதங்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். 'தீர்ப்பு இந்த இரண்டு வட்டத்திலும்தான் இருக்கிறது, நீயே சொல், யார் முதலிடம்?' என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் உடன்படவில்லை, காரணம் சொன்னார், நான் மறுத்தேன். அன்றைக்கு என்னையும் ஒரு விவாதக்காரியாக ஒருவர் நடத்தினார்.

செயலர் அவர்களே, கருத்துரை வழங்கும் முறையையும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் கழகத்தில் முன்பு எல்லார் முன்னிலையிலும் ஒவ்வொருவர் குறையையும் நடுவர் அடுக்குவார். மூத்தவர்களுக்கு அது பழகிவிட்டது, தங்களுக்குள் கேலி செய்துகொள்வார்கள். முதல்முறை பேசியவருக்கு அது பழக்கமில்லை. இப்போது தீர்ப்பும் அதற்கான காரணமும் மட்டும் அரங்கில் சொல்லப்படுகின்றன. ஆளுக்கான குறிப்புகள் தனியே. பேச்சாளர் மதிப்பெண்களையும் பயிற்சியில் வெளியிடுவதில்லை. ஒரே அணியில் ஒருவருக்கு 76, இன்னொருவருக்கு 73 என்று பலகையில் எழுதிய பிறகு, அந்த அணி முதலிடம் பெற்றிருந்தாலும் இருவரில் ஒருவர் முகம் தொங்கித்தான் போகிறது.

கழகச் செயலர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. முதலாண்டு மாணவர்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவர்களில் பலர் தேர்வுக்கு முன்பே குறையத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே இரண்டு தனிச் சிக்கல்கள் ஒரே நேரத்தில் தெரிய வந்திருக்கின்றன என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் பதிவில் தயங்கி விட்டுவிட்ட ஒன்று உண்டு. தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன், பெற்றோர் பிரிந்த குடும்பங்களின் பிள்ளைகள் யாருடைய பொறுப்பில் வளர வேண்டும் என்பது பற்றி ஒரு தலைப்பு கொடுத்தோம். தரப்பு குலுக்கலில் வந்ததுதான். ஒரு தரப்பில் பேசியவர் வேகத்தில் 'இத்தகைய வீடுகளில் வளர்கிறவர்கள் பிற்காலத்தில் யாரையும் நம்பமாட்டார்கள்' என்ற பொருளில் பேசிவிட்டார். அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வருகிறவர், எதிரில் உட்கார்ந்திருந்தார். விவாதத்தில் பேசியதை விவாதத்தோடு விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் கழகத்தின் பழைய வழக்கம் என்பதால் யாரும் அதை எடுக்கவில்லை. அது சரிதானா?

மூன்றாம் பேச்சாளர் எழுதியது:

அந்த வழக்கம் காரணத்தோடு வந்தது. நம்பாத தரப்பையும் முழு வலிமையோடு பேசிப் பார்க்கும் சுதந்திரம் இல்லாவிட்டால் விவாதக் கழகம் எதற்கு? அரங்கில் சொன்னதை வெளியே கொண்டுபோய், 'நீ அன்று அப்படிச் சொன்னாயே' என்று கேட்கத் தொடங்கினால், எல்லாரும் பாதுகாப்பான வாதங்களை மட்டுமே பேசுவார்கள்.

வெளியார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு ஒரு பழைய நிகழ்வு உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்களின் விவாதக் கழகமான ஆக்ஸ்ஃபோர்ட் யூனியனில் 1933 பிப்ரவரி 9 அன்று, எந்தச் சூழ்நிலையிலும் இந்த அவை தன் மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடாது என்ற தீர்மானம் 275-க்கு 153 என்ற வாக்குகளில் நிறைவேறியது. பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. சில வாரங்களில் வின்ஸ்டன் சர்ச்சிலின் மகன் ராண்டால்ஃப் சர்ச்சில் அந்தத் தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்தே நீக்க வேண்டும் என்று கொண்டுவந்த முயற்சி 750-க்கு 138 என்று தோற்றது. அந்த 750 பேரும் போரை மறுத்தவர்களாக இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. தங்கள் அவையில் பேசி முடிவெடுத்ததை வெளியிலிருந்து வந்த நெருக்கடிக்காக அழிக்க மாட்டோம் என்பதில் அவர்கள் ஒன்றுபட்டிருக்கிறார்கள். கழகத்தின் உறவு வெளிப்படுகிற தருணங்களில் அதுவும் ஒன்று.

தலைப்புக் குழு எழுதியது:

போட்டிகளில் தலைப்பு அமைப்பவர்களோடும் சமத்துவ அலுவலர்களோடும் (பேச்சு யாரையும் இழிவுபடுத்தாமல் பார்த்துக்கொள்பவர்கள்) வேலை செய்திருக்கிறேன். மூன்றாம் பேச்சாளர் சொன்ன வரலாறு உண்மையே, ஆனால் செயலர் கேட்ட கேள்விக்கு அது பொருந்தவில்லை. அங்கே ஒரு கருத்து வெளியாரைக் கோபப்படுத்தியது. இங்கே அரங்கில் உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினரைப் பற்றி, அவர் முகத்துக்கு நேரே, ஒரு பொதுப்படையான தீர்ப்பு சொல்லப்பட்டிருக்கிறது.

இதில் ஒரு கோடு இருக்கிறது, அதைப் புதியவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கலாம். தனக்கு விழுந்த தரப்பை எவ்வளவு கடுமையாகவும் பேசலாம். அதற்காக யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஒரு கொள்கையின் விளைவைப் பேசுவதும், ஒரு வகை மனிதர்கள் எல்லாரும் இப்படிப்பட்டவர்கள் என்று முத்திரை குத்துவதும் வெவ்வேறு. பிந்தையது பெரும்பாலும் வாதமாகவும் தேறுவதில்லை. நீங்கள் குறிப்பிட்ட அந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: பிள்ளைக்கு நிலையான கவனிப்பு தேவை, இந்த ஏற்பாடு அதை இன்ன வழியில் குலைக்கிறது என்று நிறுவியிருந்தால் நடுவரிடமும் எடுபட்டிருக்கும், நண்பரும் தாளில் மறுப்பை எழுதத் தொடங்கியிருப்பார். காரணத்தைக் காட்டாமல் தாவுகிற இடத்தில்தான் இப்படிப்பட்ட வாக்கியங்கள் பிறக்கின்றன.

எனவே நடுவர் தீர்ப்பு சொல்லும்போதே இதை வாதத்தின் குறையாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். அரங்கில் எவருடைய சொந்தக் கதையும் வெளிவராமலே காரியம் முடிந்திருக்கும். இப்போது காலம் கடந்துவிட்டதால், பேசியவரிடம் நீங்கள் தனியாகச் சொல்லி, அவரே நண்பரிடம் போய்ப் பேசட்டும். 'அது வெறும் விவாதம்தானே' என்று மட்டும் தொடங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அந்த நண்பருக்கும் அது தெரியும், அவரும் விவாதக்காரர்தான். உங்கள் பட்டியலால் பிரிந்த இருவர்தான் இவர்களா என்று எனக்கு ஐயம் வருகிறது. ஆம் எனில், தேர்வைச் சரிசெய்தால் மட்டும் அவர்கள் அருகருகே உட்கார மாட்டார்கள்.

இனிமேல் தலைப்பு கொடுப்பதற்கு: பேச விரும்பாத பொருள்களைப் பெயர் குறிப்பிடாமல் எழுதிப்போட ஒரு பெட்டியோ படிவமோ பருவத் தொடக்கத்தில் வையுங்கள். அங்கே வந்தவற்றைத் தலைப்பிலிருந்தே ஒதுக்க வேண்டும் என்பதில்லை; கடினமான தலைப்பு வரும் நாளை முன்பே அறிவித்தால், அன்று ஒருவர் நேரக்காப்பாளராகவோ நடுவராகவோ உட்கார்ந்துகொள்ளலாம், காரணம் கேட்கக் கூடாது. ஆசிய நாடாளுமன்ற முறையில் அணிகளுக்கு மூன்று தலைப்புகள் தரப்பட்டு, ஒவ்வோர் அணியும் விருப்ப வரிசை எழுதி, வேண்டாததை விலக்க முடிகிறது. பிரிட்டிஷ் முறையில் ஒரே தலைப்புதான் என்பதால், அந்தக் கவனத்தைத் தலைப்பு அமைப்பவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்கிற கழகங்களில் தலைப்புகள் சப்பையாகிவிட்டன என்ற புகாரை நான் கேட்டதில்லை. கடினமான தலைப்புகளையும் துணிந்து கொடுக்க முடிகிறது என்பதுதான் அனுபவம்.

மூன்றாம் பேச்சாளர் எழுதியது:

நடுவர் அதை வாதக் குறையாக எடுத்திருக்கலாம் என்பதை ஏற்கிறேன். நல்ல நடுவர் அப்படித்தான் செய்வார்.

கழகச் செயலர் எழுதியது:

தலைப்புக் குழுவின் ஐயம் சரிதான், அந்த இருவர்தான். பேசியவர் தேர்வானவர்; கேட்டுக்கொண்டிருந்தவர் தேர்வாகாதவர். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, எங்கள் தலைவருக்கும் தோன்றவில்லை.

நேற்று தேர்வானவரிடம் தனியாகப் பேசினேன். தான் சொன்ன வாக்கியம் அவருக்கு நினைவிலேயே இல்லை. நான் சொன்னதும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தானே போய்ப் பேசுவதாகச் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பயிற்சி இணைகளுக்குச் சீட்டுக் குலுக்கல் தொடங்குகிறோம். நடுவர் இடத்துக்கான தேர்வை முன்னாள் உறுப்பினர்கள் இருவர் நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தேர்வுக் குழுவில் எங்களில் யாரும் இல்லை. அளவுகோலை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்று.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நடுவர் தேர்வுக்கு முதலாண்டு மாணவர்களையும் அனுமதிக்கலாமா? அனுபவம் போதாது என்று தலைவர் தயங்குகிறார்.

நேரக்காப்பாளர் எழுதியது:

அனுமதியுங்கள். தேர்வின்போது எல்லாருக்கும் ஒரே விவாதத்தைக் கேட்க வைத்து, நான்கு அணிகளையும் வரிசைப்படுத்தி, முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் விளக்கச் சொல்லுங்கள். மூத்தவர்கள் சிலர் தங்கள் பேச்சுப் பாணிக்கு நெருக்கமான அணியைத் தூக்கிவிடுவார்கள். அந்தச் சாய்வு முதலாண்டு மாணவர்களுக்கு இன்னும் வந்திருக்காது. தேறாவிட்டாலும் அடுத்த பயிற்சியில் துணை நடுவராக உட்கார வைக்கலாம். எட்டாக மடித்த தாளை மட்டும் மறக்காமல் கையில் கொடுத்துவிடுங்கள்.